ஜான் பனியனும் வலுசர்ப்பக் கதையும்

கதை கேட்டலில் விருப்பமில்லாத மக்கள் எந்நாட்டிலும் இலர். ஆயினும், கதை கூறுதல் தகாது என்று விலக்கிய காலங்களும் விலக்கிய பெரியோரும் பல நாடுகளில் இருந்திருக்கின்றனர். இல்லாததைப் புனைந்துரைப்பது பாவம் என்பர் சிலர். உத்தரவின்றி மக்களைக் கூட்டிப் பேசுகின்றவன் அரசுக்குப் பகைவன் என்பர் வேறு சிலர். இவ்விருவகைத் தடைகளையும் ஒரே வாழ்நாளிற் கண்டவர் ஆங்கில நாட்டு ஜான் பனியன். முதற்றடையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்; மற்றதனை அரசினர் விதித்தனர். அவ்விரண்டையும் கடந்து வெளிவந்த நூலே மோட்சப் பிரயாணம் என்று தமிழிலே பெயர்பெற்றிருப்பது. அதன் பெயரைக் கேட்டறியாதார் நம்முட் சிலரே. அதனை இயற்றியவரது வரலாற்றை அறிந்தாரும் சிலரே. ஆகலின் அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பனியன் பிறந்த ஊர் எல்ஸ்டோ என்பது. அது இலண்டன் மாநகருக்கு வடக்கே, பெட்போர்டு நகரை அடுத்துள்ள ஒரு சிற்றூர். 1628-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள் அவ்வூர்க் கோவிலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. தந்தையார் தாமஸ் என்பார் கன்னார் தொழிலினர். ஓட்டைச் சட்டிகளையும் உடைந்த கெண்டிகளையும் செப்பனிட்டுக் கொடுத்துப் பிழைத்தவர். சொந்தக் குடிசை உண்டாயினும் வறுமைக்கும் குறைவில்லை. எனினும் பெற்றோர் மகனைப் பள்ளிக்கு அனுப்பி, எழுதவும் படிக்கவும் கற்பித்தனர். அக்கல்வி சிறிதளவே. ஆனால் அவ்வளவும் கதை படிக்கப் போதுமானதாயிருந்தது.

அக்காலத்து ஆங்கில நாட்டில், தெருவாணிகர் மலிந்த விலைக்குச் சிறு கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து விற்பர். அவை நம் நாட்டுச் சந்தைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைகளை ஒத்தவை. குதிரையேறிச் சென்று வலுசர்ப்பத்தைக் கொன்ற ஜார்ஜ் என்னும் வீரனின் கதை அவற்றுள் ஒன்று. சவுத்தாம்ப்டன் நகரத்துப் பீவிஸ் என்பானது கதை மற்றொன்று. பீவிஸ் இராட்சதனை அடக்குவான்; வலுசர்ப்பத்தோடு பொருது, வீழ்ந்து, மீண்டும் எழுந்து அதனைக் கொல்வான். இக்கதைகளில் இளம் பனியனுக்கு உண்டான மோகம் பெரிது. வேதபுத்தகத்தைக் கையில் எடுக்க விரும்பாத அவர், ஜார்ஜையும் பீவிஸையும் கீழே வைக்க விரும்பியதில்லை.

1644-ஆம் ஆண்டு அவரது வீட்டிற்குக் கொடிய ஆண்டாக வாய்த்தது. ஜூன் மாதத்தில் தாயார் இறந்தார். ஜூலையில் தங்கை இறந்தாள். அடுத்த மாதமே தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டு முடியுமுன் பதினாறு வயதுப் பனியன், அரசனை எதிர்த்துப் போராடிய பார்லிமெண்டுப் படையிற் சேர்க்கப்பட்டு, நியூபோர்ட் பாக்னல் என்னும் ஊர்க் காவற்படையில் இருந்தார். ஓரிடத்து முற்றுகைக்கு அவர் செல்ல வேண்டியிருந்தபோது, தோழன் ஒருவன் அவருக்குப் பதிலாகத் தான் செல்வதாக வேண்டிப் போனான். போனவன் காவல் நிற்கையிலே தலையிற் குண்டு பாய்ந்து மாண்டான். தம் உயிர் இரவலாகக் கிடைத்த உயிர் என்னும் எண்ணம் அன்று முதல் பனியனை விட்டகலவில்லை.

தமக்குத் தாமே விதித்த தடை

படையினின்று மீண்ட பனியன், தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். இருபது வயதளவில் மணமும் புரிந்தார். மணமக்கள் இருவர்க்கும் சேர்த்து ஒரு தட்டோ கரண்டியோ தானும் இல்லாத வறுமை. மணமகள் கொண்டுவந்த சீதனம், அவள் தந்தை வைத்துச் சென்ற பக்தி நூல்கள் இரண்டே. அவ்விரண்டையும் இருவரும் சேர்ந்து படித்தனர். பனியனது மனச்சான்று விழித்துக்கொண்டது.

அது பியூரிட்டன் எனப்பட்ட தூயநெறியாளர் ஓங்கியிருந்த காலம். 1642-ஆம் ஆண்டிலேயே பார்லிமெண்டார் நாடக சாலைகளை மூடிவிட்டனர். கூத்தும் பாட்டும் புனைகதையும் ஆன்மாவுக்குக் கேடு என்னும் கொள்கை ஊர்தோறும் பரவியிருந்தது. பனியனும் அக்கொள்கையை முழுமனத்தோடு ஏற்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மூர்க் கிட்டிப்புள்ளை ஒத்த விளையாட்டில் ஒருமுறை புள்ளை அடித்து மறுமுறை கோலை ஓங்கிய வேளையில், பாவத்தை விட்டு விண்ணுலகு புகுவதோ, விடாது நரகம் புகுவதோ என்று வினவும் குரலொன்று தம் உள்ளத்தில் எழக் கேட்டுத் திகைத்து நின்றார். விளையாட்டை விட்டார், நடனத்தை விட்டார். கோவில் மணியடிப்பதில் பெருவிருப்பமுடையவர் அதனையும் விட்டார். இளமையிற் போற்றிய கதைகளையும் விட்டார். 1658-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நூலில், வேதத்தினும் மேலாக ஜார்ஜின் கதையையும் பீவிஸின் கதையையும் விரும்பியதைத் தம் குற்றங்களுள் ஒன்றாகவே எண்ணி எழுதினார்.

ஆனால் கற்பனையைத் துறந்தவரைக் கற்பனை துறக்கவில்லை. மணியடிப்பதை விட்ட பின்னரும் பிறர் அடிப்பதைக் காணச் செல்வார். மணி அறுந்து தம் தலைமேல் விழின் என் செய்வது என்று அஞ்சி உத்தரத்தின் கீழ் நிற்பார். உத்தரத்தில் மோதித் தெறித்து விழின் என்று அஞ்சி வாயிற்படியில் நிற்பார். கோபுரமே சாயின் என்று அஞ்சி ஓடிவிடுவார். பல ஆண்டுகள் அவர் உள்ளம் இவ்வாறு ஒரு போர்க்களமாகவே இருந்தது. கதையிற் கண்ட வலுசர்ப்பங்களை விரட்டிவிட்டார். அவை இருந்த இடத்தில் ஐயமும் அச்சமும் வந்து குடிபுகுந்தன.

அந்நாட்களில் ஒருமுறை, தொழிலின் பொருட்டுப் பெட்போர்டு நகருக்குச் சென்றவர், ஒரு வீட்டு வாயிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலர் கடவுளின் அருளைக் குறித்துத் தம்முட் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். அவர்கள் பேச்சிலிருந்த மகிழ்ச்சி அவருக்குப் புதிதாக இருந்தது. அப்பெண்கள் சார்ந்த சபையின் போதகர் ஜான் கிப்போர்டு என்பார். அச்சபையிற் சேர்ந்த பனியன் சிறிது சிறிதாக மனவமைதி பெற்று, 1655-ஆம் ஆண்டையடுத்துத் தாமே பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பட்டறைக் கரி படிந்த கையினரது பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது. பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்றார் சிலர்க்கு அது பொறாமையும் விளைத்தது.

அரசினர் விதித்த தடை

1658-இல் அவர் முதல் மனைவி நான்கு குழந்தைகளை வைத்து இறந்தார். மூத்தவளான மேரி பிறவிக் குருடு. மறு ஆண்டு எலிசபெத் என்னும் இளம்பெண்ணை மணந்தார். 1660-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் அரசன் நாடு திரும்பினான். அரசோடு அரசாங்கத் திருச்சபையின் அதிகாரமும் திரும்பியது. அதன் ஆராதனைக்குப் புறம்பாகக் கூட்டம் கூடுவோர்மேல் 1593-ஆம் ஆண்டுச் சட்டமொன்று மீண்டும் ஏவப்பட்டது.

அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள், லோயர் சாம்செல் என்னும் இடத்திலுள்ள ஒரு பண்ணை வீட்டிற் பனியன் பேசுவதாக ஏற்பாடு. அவரைப் பிடிக்க வாரண்டு பிறந்திருந்த செய்தி முன்னரே அவர் காதுக்கு எட்டியது. கூட்டத்தை விட்டுச் சென்றுவிடுமாறு நண்பர் வேண்டினர். அவர் தனியே சிறிது உலாவிச் சிந்தித்தார். தாம் ஓடினால், புதிதாக நம்பிக்கை கொண்ட எளியோர் என்ன நினைப்பர் என்று எண்ணி, திரும்பி வந்து கூட்டத்தைத் தொடங்கினார்; பேச்சு முற்றுப்பெறுமுன் கைது செய்யப்பட்டார்.

1661-ஆம் ஆண்டு ஜனவரியில் நீதிபதி கீலிங் முதலியோர் முன் விசாரணை நடந்தது. மூன்று மாதம் சிறை. அதன் பின்னும் பிரசங்கத்தை விடாவிடில் நாடு கடத்தல். கடத்தியபின் அனுமதியின்றித் திரும்பின் தூக்கு. இதுவே தீர்ப்பு. மூன்று மாதம் கழிந்தபின் பால் காப் என்னும் நீதிமன்ற எழுத்தர் சிறைக்கு வந்து நயமாகப் பேசினார். பொதுக்கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் அமைதியாக இருக்கலாமே என்பது அவரது அறிவுரை. பனியன் அதற்கு இசைந்திலர். இங்கே ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அவரை நெடுங்காலம் அடைத்து வைக்க வேண்டும் என்று எவரும் தனியே விரும்பவில்லை. பேசமாட்டேன் என்று ஒரு வாக்குறுதி கொடுத்திருப்பின் அன்றே வீடு திரும்பியிருக்கலாம். சிறையின் திறவுகோல் ஏறக்குறைய 12 ஆண்டுகள் அவர் கையிலேயே இருந்தது. அதனைப் பயன்படுத்த நாவைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவ்வுறுதிக்குரிய விலையை அவர் மட்டும் செலுத்தவில்லை. கணவன் கைதான செய்தி கேட்டு அதிர்ந்த எலிசபெத், எட்டு நாள் பிரசவ வேதனைப்பட்டுப் பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தார். 1661 ஆகஸ்டு மாதத்தில், பெட்போர்டு நகரத்துச் சுவான் விடுதியில் நீதிபதிகள் வீற்றிருந்த மண்டபத்திற்குள் அவ்விளம்பெண் தனியே சென்று நின்றார். கண்ணில்லாத குழந்தை உட்பட நான்கு சிறு பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பையும், பிறர் தரும் தருமமன்றி வேறு வழியில்லாமையையும் எடுத்துரைத்தார். ட்விஸ்டன் என்னும் நீதிபதி சீறினார். மத்தேயு ஹேல் என்னும் நீதிபதி இரங்கி, அரசனிடம் விண்ணப்பித்தல், மன்னிப்புப் பெறுதல், மேல்முறையீட்டு ஆணை பெறுதல் என்னும் மூன்று வழிகளைக் காட்டினார். கணவன் பேச்சை விடுவானா என்று வினாவியபோது, பேச வாயுள்ளவரை விடமாட்டார் என்ற கருத்தையே எலிசபெத் அஞ்சாது தெரிவித்தார். விடுதலை கிடைக்கவில்லை; கண்ணீரோடு வெளியேறினார். பனியனது வீரத்தைப் போற்றுவோர் இப்பெண்ணின் வீரத்தை மறத்தல் தகாது.

சிறையிலே பனியன் நீண்ட கயிற்று நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்று, வீட்டுக்குப் பணம் அனுப்பினார். தொடக்கத்தில் சிறைக்காவலன் இரக்கமுற்றுச் சிலபோது அவரை வெளியே செல்ல விட்டான். அது மேலோர்க்குத் தெரியவந்ததும் காவல் கடுமையாயிற்று. மனைவி மக்களைப் பிரிந்திருத்தல் எலும்பினின்று சதையைப் பிய்த்தெடுத்தாற் போன்றதென்பதும், எல்லாரினும் அக்குருட்டுக் குழந்தையின் நினைவே தம்மை மிக வருத்தியதென்பதும், 1666-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலால் அறிகின்றோம்.

வலுசர்ப்பம் திரும்பி வந்த வகை

சிறையிலே அவரோடிருந்த நூல்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று வேதாகமம், மற்றொன்று பாக்ஸ் என்பார் எழுதிய இரத்தசாட்சிகளின் வரலாறு. கூட்டத்திற் பேச வழியில்லை, ஆகவே எழுதினார். ஒரு சமயம் பக்தர் செல்லும் நெறியைப் பற்றி வேறொரு நூல் எழுதிக்கொண்டிருக்கையில், அந்நெறியை ஒரு பிரயாணமாக உருவகிக்கும் எண்ணம் தற்செயலாய்த் தோன்றியது. தோன்றிய பின், கன்னார் உலையினின்று பொறிகள் பறப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கருத்துக்கள் வந்தன. அவற்றைத் தனியே வேறொரு சுவடியில் எழுதலானார். பிறர்க்குக் காட்டும் எண்ணமின்றித் தம் மனமகிழ்ச்சிக்காகவே எழுதினார்.

அவ்வாறு எழுதுகையில் அவர் முன்பு விலக்கிய கதைகளெல்லாம் திரும்பி வந்தன. முதுகிற் சுமையோடு நாசபுரியை விட்டு ஓடும் கிறிஸ்தியான், தாழ்மையின் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோனை எதிர்ப்படுகின்றான். அவ்வுருவத்திற்கு மீனின் செதிள்கள், வலுசர்ப்பத்தின் சிறகுகள், கரடியின் கால்கள், சிங்கத்தின் வாய், வயிற்றினின்று நெருப்பும் புகையும் கிளம்பும். அரைநாளுக்கு மேல் போர் நடக்கின்றது. கிறிஸ்தியான் வீழ்கின்றான், கையிலிருந்த வாள் தெறித்து ஓடுகின்றது, மீண்டும் அதனைப் பற்றி எழுந்து குத்துகின்றான். அப்பொல்லியோன் சிறகை விரித்துப் பறந்துபோகின்றது. எல்ஸ்டோவில் ஒரு சிறுவன் படித்த பீவிஸின் போர் அன்றோ இது! தாம் பாவமென்று கழித்த செல்வத்தைப் பனியன் சிறையிலே மீண்டும் கண்டெடுத்தார்.

ஆனால் பழைய கதைகளில் இல்லாத ஒன்று இதில் உண்டு. அப்பொல்லியோன் வந்தவுடன் நெருப்பைக் கக்கவில்லை. முதலில் நயமாகப் பேசுகின்றது. நீ என் குடியானவன் என்கின்றது. திரும்பிப் போய்விட்டால் வேண்டியது தருவேன் என்கின்றது. உன் தவறுகள் எனக்குத் தெரியும் என்று நினைவூட்டுகின்றது. அதற்கெல்லாம் இசையாதபோதே அதன் உண்மைச் சினம் வெளிப்படுகின்றது. சிறைக்கு வந்த நல்லோரது அறிவுரைகளையும், இரவிலே தம் மனமே தம்மோடு செய்த வழக்கையும் கேட்டுப் பழகிய ஒருவரே வலுசர்ப்பத்தை இவ்வாறு பேச வைக்க முடியும். மாயாபுரிச் சந்தையில் உண்மையுள்ளவன் என்பானுக்கு நடக்கும் விசாரணையும், பனியன் தாமே கண்ட நீதிமன்றத்தை நினைவூட்டுகின்றது. சந்தேகக் கோட்டையில் அடைபட்டுச் சாகும் நிலையிலிருந்த கிறிஸ்தியான், கதவைத் திறக்கும் சாவி தன் மடியிலேயே இருந்ததை உணர்ந்து வெளியேறுகின்றான். நெடுநாட் சிறையிருந்தவரது கற்பனைக்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

1672-ஆம் ஆண்டில் அரசன் வெளியிட்ட சலுகை அறிக்கையால் பனியன் விடுதலை பெற்றுப் பெட்போர்டு சபையின் போதகரானார். பின்னர் 1676-இலும் 1677-இலுமாகச் சில மாதங்கள் மறுமுறையும் சிறைப்பட்டார். அதற்குள் எழுதிய சுவடியை நண்பர்களுக்குக் காட்டினார். சிலர் அச்சிடலாம் என்றனர். சிலர் கூடாது என்றனர். மெய்ப்பொருளைக் கதைக் கோலத்தில் உரைப்பது தகுமோ என்பதே ஐயம். அது பிறர் ஐயம் மட்டுமன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் அவரே கொண்டிருந்த ஐயம். தீர்க்கதரிசிகளும் உவமைகளாற் பேசினர் அன்றோ என்று எண்ணித் துணிந்தார். 1678-ஆம் ஆண்டு இலண்டனில் நத்தானியேல் பாண்டர் என்னும் புத்தக வணிகர் அதனை வெளியிட்டார். நூலின் முகப்பிலேயே பனியன் அவ்வழக்கைச் செய்யுளில் எடுத்துரைத்துத் தம் பக்கத்து நியாயங்களையும் கூறினார். தமக்குத் தாமே விதித்த தடையைத் தம் கையாலே நீக்கியது அச்செய்யுளிலேதான்.

நூல் பெற்ற வரவேற்பு வியக்கத்தக்கது. பத்தாண்டுகளுக்குள் 11 பதிப்புக்கள் வெளிவந்தன. பணியாட்களும் நெசவாளரும் சிறுவரும் அதனைப் படித்தனர். 1682-இல் வெளியிட்ட பரிசுத்த யுத்தம் என்னும் கதையில், பகைவன் வலுசர்ப்ப உருவிலேயே நகரத்தின் வாயிலுக்கு வருவதாக எழுதினார். 1684-இல் வெளிவந்த மோட்சப் பிரயாணத்தின் இரண்டாம் பாகத்தில், கிறிஸ்தியானின் மனைவியும் மக்களும் அதே வழியிற் செல்கின்றனர். மனைவி மக்களைப் பின்னே விட்டு ஓடிய முதற்கதைக்கு இது ஒரு நிறைவு. சிறைவாயிலில் நின்ற எலிசபெத்தையும் பிள்ளைகளையும் அறிந்த நமக்கு, இப்பாகம் எழுந்த காரணம் விளங்காமற் போகாது.

இறுதிக் காலமும் புகழும்

1688-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மனக்கசப்புற்ற ஒரு தந்தையையும் மகனையும் சமாதானப்படுத்தும் பொருட்டுப் பனியன் ரெடிங் நகருக்குச் சென்றார். அம்முயற்சி பலித்தது. திரும்பும் வழியில் குதிரைமேல் மழையில் நனைந்து இலண்டனை அடைந்தவர் காய்ச்சலிற் கிடந்து, அம்மாதம் 31-ஆம் நாள், ஸ்னோ ஹில் என்னும் தெருவிலிருந்த நண்பரான மளிகை வணிகர் வீட்டில் உயிர் நீத்தார். பன்ஹில் பீல்ட்ஸ் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவரை அடைத்து வைத்த பெட்போர்டுச் சிறை 1801-இல் இடிக்கப்பட்டது. 1874-இல் அதே நகரத்தில் அவருக்கு வெண்கலச் சிலை எடுக்கப்பட்டது. தாக்கரே என்னும் நாவலாசிரியர் தம் பெருநூலுக்குப் பனியனது சந்தையின் பெயரையே சூட்டினார். இருநூறு மொழிகளுக்கு மேல் பெயர்க்கப்பட்ட அந்நூல், 18-ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே தமிழில் அச்சேறியது. நெல்லை நாட்டுப் புலவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தைப் பாடி 1894-இல் வெளியிட்டார். கன்னார் ஒருவர் சிறையில் எழுதிய உரைநடைக் கதை, கம்பனைக் கற்றுத் தேர்ந்த புலவர் நாவிலே விருத்தப் பாவாயிற்று.

இனி, மாணவ நேயர்கட்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். கதை வீண் என்று இளைஞர் கையினின்று புத்தகத்தைப் பிடுங்கும் பெரியோர் இன்றும் உளர். அவர் கருத்தும் நல்லதே. பனியனும் ஒருகால் அக்கருத்தினரே. ஆனால் இளமையில் மனத்தில் விழுந்த ஒரு கதை எக்காலத்து, எவ்வுருவில் முளைக்கும் என்று எவரும் வரையறுத்தல் இயலாது. எல்ஸ்டோவில் அரைக் காசுக் கதைப் புத்தகம் படித்த சிறுவனைக் கண்டோர், அவன் காலத்தை வீணாக்குகின்றான் என்றே எண்ணியிருப்பர். முப்பது ஆண்டுகள் கழித்து, இருண்ட அறையில் நாடா முனைந்துகொண்டு, மனைவியையும் கண்ணில்லாத மகளையும் நினைந்து உருகிய ஒருவனுக்கு, அஞ்சாது நிற்பது எங்ஙனம் என்று காட்ட வந்தது அந்த வலுசர்ப்பக் கதையே. அவன் அதனைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாது பிறர்க்கும் ஈந்தான். அஞ்சி நிற்போர் உலகில் உள்ளவரை அக்கதைக்கு வேலையுண்டு.